ஆறாம் இரவு வராத பாடகி
(தட்டில் சுழன்ற குரல் – 14)

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள், உலக நன்மைக்காக மாரியம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. திருச்சி, ஸ்ரீரங்கம், லால்குடி, மண்ணச்சநல்லூர்ப் பக்கமிருந்து பூத்தட்டு சுமந்து வருகிற கூட்டத்துக்கு முன்னால் ஒரு வண்டி போகும். வண்டியில் ஜெனரேட்டரும் மைக் செட்டும் இருக்கும். எல். ஆர். ஈஸ்வரியின் குரல் கேட்காத பூச்சொரிதல் இல்லை. அவர் குரலுக்கு நடுநடுவே, கேசட் காலத்தில் உடுக்கையோடும் பம்பையோடும் பாடிவைத்த உள்ளூர்க் குரல்களும் ஒலிக்கும். ஈஸ்வரியை எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களின் பெயர் கேசட் அட்டையில் பொடி எழுத்தில் இருந்தது. பென் டிரைவுக்கு அட்டை கிடையாது.

சென்ற இதழில் கேசட் கம்பெனிகள் எழுந்த கதையைப் பார்த்தோம். அந்தக் கம்பெனிகள் பாடகர்களிடம் வாங்கிய கையெழுத்தின் கதை இது. கிராமியப் பாடகர் ஒருவர் மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு போட்ட கையெழுத்துக்கு மேலே வழக்கமாக இரண்டு வாசகங்கள் இருக்கும். இந்தப் பாடல்களில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்பது ஒன்று. இத்தனை வருடத்துக்கு வேறு எந்தக் கம்பெனிக்கும் பாட மாட்டேன் என்பது மற்றொன்று. முதல் வாசகம் பாடி முடித்த பாட்டைக் கட்டுகிறது. இரண்டாவது, இனிமேல் பாடப்போகிற தொண்டையைக் கட்டுகிறது. இரண்டுக்கும் சட்டம் வெவ்வேறு. தொண்டையிலிருந்து தொடங்குவோம், அதுதான் பழைய வழக்கு.

நம் ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. கிராமபோன் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தச் சட்டத்துக்குள் ஒரு பாடகி இருக்கிறாள். 39ஆம் பிரிவைப் புரியவைக்கச் சட்டம் எழுதியவர்கள் அவளை உதாரணமாக நிறுத்தினார்கள். ஒரு நாடகக் கொட்டகை மேலாளரிடம் வாரத்துக்கு இரண்டு இரவு வீதம் இரண்டு மாதம் பாட ஒப்புக்கொள்கிறாள். இரவுக்கு 100 ரூபாய். ஆறாவது இரவு வேண்டுமென்றே வராமல் இருந்துவிடுகிறாள். மேலாளர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். அடுத்த உதாரணத்திலும் அவளே வருகிறாள். ஏழாவது இரவு மேலாளர் சம்மதத்தோடு மறுபடி பாடிவிட்டால், ஒப்பந்தம் தொடர்வதாகத்தான் பொருள், வராத இரவுக்கு மட்டும் அவர் நஷ்டஈடு கேட்கலாம். ஏன் வரவில்லை என்று சட்டம் கேட்கவில்லை. காய்ச்சலா, வீட்டில் துக்கமா, பேசிய பணம் கைக்கு வரவில்லையா? சட்டப் புத்தகத்தில் பாடகி முதன்முதலாக நுழைந்ததே தவறு செய்தவளாகத்தான்.

அவள் வெறும் கற்பனை என்றும் சொல்ல முடியாது. 1852-ல் லண்டனில் ஜோஹன்னா வாக்னர் என்ற ஜெர்மன் பாடகியை வைத்து நடந்த வழக்கு அந்தக் காலத்துச் சட்டக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். லம்லி என்பவரின் அரங்கில் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு இரவு பாடுவதாகவும், அவர் அனுமதி இல்லாமல் வேறெங்கும் பாடுவதில்லை என்றும் ஒப்பந்தம். போட்டி அரங்கக்காரரான கை என்பவர் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி அழைத்தார். லம்லி வழக்குப் போட்டார். 'உன்னைப் பாடு என்று நான் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் அங்கே பாடாதே என்று தடுக்க முடியும்' என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னார் பிரபு செயின்ட் லெனார்ட்ஸ். 1877-ல் இந்தியாவில் குறித்த நிவாரணச் சட்டம் எழுதியபோது இதை அப்படியே உதாரணமாகச் சேர்த்தார்கள். அதில் வருகிற ஒப்பந்தம் 12 மாதம். 1963-ல் அந்தச் சட்டத்தைப் புதுப்பித்தபோது உதாரணங்களை நீக்கினார்கள். விதி மட்டும் 42ஆம் பிரிவாக நின்றது. இன்று ஒரு மியூசிக் லேபிள் தன் பாடகர் வேறு லேபிளுக்குப் போகாமல் தடை வாங்குகிறதென்றால், அதன் வேர் அந்த லண்டன் தீர்ப்பில் இருக்கிறது.

இதே 1872 சட்டத்தில்தான் பாடகருக்குக் கை கொடுக்கிற பிரிவும் இருக்கிறது. சட்டம் அனுமதிக்கிற எந்தத் தொழிலையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கிற ஒப்பந்தம், அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது என்கிறது 27ஆம் பிரிவு. இங்கிலாந்தில் 'நியாயமான தடை' என்று ஒரு விலக்கு உண்டு. நம் சட்டத்தில் அப்படிப் பொதுவான விலக்கு கிடையாது. 1874-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. எதிர்க் கடைக்காரருக்கு 900 ரூபாய் தருவதாகச் சொல்லிக் கடையை மூடச் சொன்னவர், மூடிய பிறகு பணம் தரவில்லை. தொழிலைத் தடுக்கிற ஒப்பந்தமே செல்லாது, ஆகவே பணமும் கேட்க முடியாது என்றார் தலைமை நீதிபதி கௌச். தடை சிறியதா பெரியதா என்று பார்க்க வேண்டியதில்லை என்பது அன்றே முடிவான விஷயம்.

27ஆம் பிரிவு எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் பார்க்கப்போகிற ஒரு குறையின் காரணம் அங்கே இருக்கிறது. நியூயார்க் வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்டு தன் மாநிலத்துக்காக ஒரு சிவில் சட்டத் தொகுப்பின் வரைவைத் தயாரித்தார். நியூயார்க் அதை ஏற்கவில்லை. அதிலிருந்த தொழில் தடை விதியை எடுத்துத்தான் இந்தியாவுக்கான 27ஆம் பிரிவை எழுதினார்கள். அதே வரைவை ஒட்டிக் கலிபோர்னியாவும் தன் சிவில் சட்டத்தை இயற்றியது. அந்த ஆண்டும் 1872. ஆனால் கலிபோர்னியாவின் சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. ஒருவர் தன் உழைப்பைத் தருவதாகச் செய்த ஒப்பந்தத்தை இரண்டு ஆண்டுக்கு மேல் அவர் மீது செயல்படுத்த முடியாது என்றது அது. நமக்கு முதல் விதி வந்தது, இரண்டாவது வரவில்லை. இந்தியாவுக்குச் சட்டம் செய்தவர்களுக்குத் தேயிலைத் தோட்டக் கூலியின் ஒப்பந்தம்தான் நினைவில் இருந்திருக்க வேண்டும். உழைப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டு வரம்பு வைப்பது அன்றைய தோட்ட முதலாளிகளுக்குப் பிடிக்கிற காரியம் அல்ல. இது என் ஊகம், ஆனால் வலுவான ஊகம் என்றே நினைக்கிறேன்.

கலிபோர்னியாவின் இரண்டு ஆண்டு, 1931-ல் ஏழு ஆண்டாக நீண்டது. நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் கிடைத்த வேஷத்தை மறுத்த நாட்களையெல்லாம் வார்னர் பிரதர்ஸ் கணக்கில் சேர்த்து அவருடைய ஏழு ஆண்டை இழுத்துக்கொண்டே போனது. அவர் நீதிமன்றம் போனார். 1944-ல் தீர்ப்பு வந்தது: ஏழு ஆண்டு என்றால் காலண்டரில் ஏழு ஆண்டு, அவ்வளவுதான். 1979-ல் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜான் வழக்கிலும், ஆல்பம் பாக்கி என்று சொல்லி ஒப்பந்தக் காலத்துக்கு அப்பால் தடையை நீட்ட முடியாது என்றார்கள். இசைத்தட்டுக் கம்பெனிகள் விடவில்லை. 1987-ல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். ஏழு ஆண்டு முடிந்து வெளியேறும் இசைக் கலைஞரிடம், தராத ஆல்பங்களுக்கு நஷ்டஈடு கேட்கலாம் என்ற விலக்கு அதில் நுழைந்தது. நடிகருக்கு இல்லாத சுமை பாடகருக்கு மட்டும். அதை நீக்க அண்மையில் நடந்த முயற்சியும் தோற்றது.

இங்கிலாந்தில் சட்டம் ஆண்டு வரம்பு எதையும் வைக்கவில்லை, அநியாயமான ஒப்பந்தத்தை நீதிபதிகள் உடைத்தார்கள். பாடலாசிரியர் டோனி மெக்காலே 21 வயதில், 1966-ல், ஒரு பதிப்பகத்துக்கு ஐந்து ஆண்டு தன் பாட்டுகளையெல்லாம் எழுதிக் கொடுத்தார். அட்வான்ஸ் 50 பவுன். ராயல்டி 5000 பவுனைத் தாண்டினால் ஒப்பந்தம் தானாகவே பத்து ஆண்டாகிவிடும். பதிப்பகம் ஒரு பாட்டைக்கூட வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். 1974-ல் பிரபுக்கள் சபை இதைச் செல்லாது என்றது. பேரம் பேசும் வலு இல்லாதவனிடம், அவன் கையில் கொடுத்த அச்சடித்த படிவத்தில் வாங்கிய கையெழுத்து இது என்பதைத்தான் அவர்கள் முக்கியமாகப் பார்த்தார்கள். இருபது ஆண்டு கழித்து பாடகர் ஜார்ஜ் மைக்கேல் தன் ஒப்பந்தத்தை உடைக்க சோனி கம்பெனியை எதிர்த்து வழக்காடித் தோற்றார். அவர் பக்கம் நல்ல வக்கீல்கள் இருந்தார்கள், பெரிய பணம் கைமாறியிருந்தது, ஒப்பந்தத்தைத் திரும்பப் பேசியும் இருந்தார். அந்தத் தோல்வி மெக்காலே தீர்ப்பின் நியாயத்தை இன்னும் தெளிவாக்குகிறது.

நம் ஊருக்கு வருவோம். திருச்சியில் எஃப். ஜி. நடேச ஐயர் 1914-ல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவின் மேடையில்தான் தியாகராஜன் என்ற சிறுவன் அரிச்சந்திரா நாடகத்தின் லோகிதாசனாக நின்றான். பிற்காலத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் ஆனவன் அவன். அது ரசிகர்கள் கூடி நடத்திய சபா. தமிழ்நாடெங்கும் சுற்றிய பாய்ஸ் கம்பெனிகள் வேறு மாதிரி. பாடத் தெரிந்த பையனைப் பெற்றோரிடம் பேசி ஆண்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்ட இடங்கள் அவை. அங்கிருந்து பையன்கள் இரவோடிரவாக ஓடிப்போன கதைகள் நம் பழைய நடிகர்களின் வாழ்க்கை வரலாறுகளில் நிறையவே உண்டு. ஓடியவன் மீது வழக்குப் போட்டிருந்தால் கம்பெனி தோற்றிருக்கும். மைனர் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்த விதி பிள்ளைக்கு எதிராகவும் திரும்பியது. 1949-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ராஜ் ராணி என்ற மைனர் பெண், படத்தில் நடிக்க வைப்பதாகத் தந்தையோடு ஒப்பந்தம் செய்த தயாரிப்பாளர் பிரேம் ஆதிப் வாக்குத் தவறியதாக வழக்குப் போட்டாள். ஒப்பந்தமே இல்லை, ஆகவே நஷ்டஈடும் இல்லை என்றது நீதிமன்றம். டிவி போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், நீட்டின தாளிலெல்லாம் கையெழுத்துப் போடுகிற பெற்றோர் இந்த வழக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

1939 மே 16 அன்று திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது இசைக்காரர்களுக்கு ஒரு மாற்று வழி. அங்கே நிலைய வித்வான்களை விட்டால், மற்றவர்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு ஒப்பந்தம். தேதி, நேரம், சன்மானம் எழுதியிருக்கும். பாடி முடித்தால் வித்வான் சுதந்திரமானவர். காவிரிக் கரை நாதஸ்வரக்காரரும் கிராமியப் பாடகரும் கையெழுத்துப் போட்ட தாள்களில் நேர்மையானது அந்த ஒற்றைத் தாள்தான் என்பேன்.

சுதந்திர இந்தியாவில் நீதிமன்றங்கள் 27ஆம் பிரிவை இரண்டாகப் பிரித்து வைத்தன. ஒப்பந்தம் நடக்கிற காலம் ஒன்று, முடிந்த பிறகு உள்ள காலம் மற்றொன்று. 1967-ல் கோலிகரி வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவர் பாடகர் அல்ல, டயர் நூல் தொழிற்சாலை ஊழியர். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியும் முன்பே போட்டிக் கம்பெனிக்குப் போனார். ஒப்பந்தம் நடக்கும்போது வேறிடம் போகாதே என்பது தொழில் தடை ஆகாது, மிதமிஞ்சிய கொடுமையோ ஒருதலைப்பட்சமோ இருந்தால் ஒழிய, என்றது நீதிமன்றம். முடிந்த பிறகு என்ன என்பதை 2006-ல் ஜாகீர் கான் வழக்கு தீர்த்தது. 2000 அக்டோபரில் மூன்று ஆண்டுக்கு ஒரு விளம்பர நிறுவனத்தோடு அந்தக் கிரிக்கெட் வீரர் செய்த ஒப்பந்தத்தில், முடிந்த பிறகும் வேறு யார் வந்தாலும் முதலில் எங்களிடம் காட்ட வேண்டும் என்ற வாசகம் இருந்தது. செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். கிரிக்கெட் வழக்குதான். ஆனாலும் இன்று பாடகர்களின் வக்கீல்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள்.

பாடகரின் வழக்கே 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வந்தது. போஜ்புரிப் பாடகர் கேசரி லால் யாதவ் 2021-ல் குளோபல் மியூசிக் ஜங்ஷன் என்ற நிறுவனத்துக்கு மட்டுமே பாடுவதாக ஒப்பந்தம் செய்திருந்தார். பிறகு வேறு லேபிள்களில் பாட்டு வந்தது. இரு நீதிபதிகள் அமர்வு நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஒப்பந்தக் காலத்துக்குள் போட்ட தடை செல்லும் என்றது. ஜோஹன்னா வாக்னரின் விதி 171 ஆண்டு கழித்தும் வேலை செய்தது. பாடு என்று கட்டாயப்படுத்த மட்டும் இன்றும் முடியாது. ஆளின் தனித்திறமையை நம்பிய ஒப்பந்தத்தைக் கட்டாயமாக நிறைவேற்ற வைக்க முடியாது என்ற விதி 2018 திருத்தத்துக்குப் பிறகும் குறித்த நிவாரணச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

இந்தத் தீர்ப்புகளையெல்லாம் வரிசையாகப் படித்தால் ஒரு ஓட்டை தெரியும். ஒப்பந்தம் முடிந்தால் நீ சுதந்திரமானவன் என்கிறது நம் சட்டம். ஒப்பந்தம் எப்போது முடிய வேண்டும் என்று சொல்வதே இல்லை. மூன்று ஆண்டு எழுதினால் மூன்று, பதினைந்து எழுதினால் பதினைந்து. பதினைந்தை உடைக்க வேண்டுமானால் பாடகர்தான் நீதிமன்றம் போய், இது கொடுமையானது என்று நிரூபிக்க வேண்டும். அவரிடம் வழி இல்லாமல் இல்லை. சமமில்லாத இருவருக்கிடையே வாங்கிய அநியாய ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செல்லாது என்று 1986-ல் பிரஜநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் மண்ணச்சநல்லூரில் பம்பை அடிக்கிறவர் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படி ஏற வேண்டும். வழக்கு நடக்கிற காலத்தில் அவருடைய குரலின் நல்ல வருடங்கள் கழிந்துபோகும்.

இனி முதல் வாசகம், பாடி முடித்த பாட்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இசையமைப்பாளர் இருந்தார், பாடலாசிரியர் இருந்தார், ஒலிப்பதிவுக் கம்பெனி இருந்தது. பாடியவர் மட்டும் இல்லை. 1977-ல் உச்ச நீதிமன்றம் திரைப்பாடல் உரிமை வழக்கைத் தீர்த்தபோது நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பு எழுதி, பாடகரைச் சட்டம் கைவிட்டிருக்கிறது, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நாடாளுமன்றம் கவனிக்கப் பதினேழு ஆண்டு ஆனது. 1994 திருத்தம் நிகழ்த்துகிறவருக்கு 25 ஆண்டு உரிமை கொடுத்தது, 1999-ல் அது 50 ஆண்டானது. 2012 திருத்தம் இன்னும் மேலே போனது. பாட்டு வணிகமாகப் பயன்பட்டால் பாடியவருக்கும் ராயல்டி பங்கு உண்டு என்றது. எழுதியவரும் இசையமைத்தவரும் தம் ராயல்டி பங்கை வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்றது. கையெழுத்துப் போடும் நாளில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லி எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை போய்ச் சேராது என்றது. 2013-ல் பாடகர்களுக்கென்றே ஒரு உரிமைச் சங்கமும் பதிவானது.

பாட்டைப் பொறுத்தவரை நம் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு எண் இருக்கிறது, அது 19ஆம் பிரிவில் இருக்கிறது. உரிமை எழுதிக் கொடுத்த தாளில் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு மட்டும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். மெக்காலேயின் பாட்டைப் பெட்டியில் பூட்டக்கூடிய பதிப்பகம் இங்கே பிழைக்காது. ஆனால் கடைசி விதியின் வாலில் 'தாளில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய' என்று இருக்கிறது. கம்பெனி வக்கீல்கள் அச்சடித்த படிவத்தில் முதல் வேலையாக அந்த வேறு விதத்தைச் சொல்லிவிடுகிறார்கள்: நிரந்தரமாக, உலகம் முழுமைக்கும், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும். சட்டம் வைத்த ஐந்து ஆண்டு, எழுதத் தெரியாத கம்பெனியிடமிருந்து மட்டும்தான் பாடகரைக் காப்பாற்றுகிறது.

இதைவிட வருத்தமான துணை விதியும் அதே பிரிவில் உண்டு. ஐந்து ஆண்டு, ஒரு வருடம், இந்தியா என்ற இந்த வரம்புகள் எதுவும் 1994 திருத்தம் நடைமுறைக்கு வருமுன் எழுதிக் கொடுத்த தாள்களுக்குப் பொருந்தாது. அது நடைமுறைக்கு வந்தது 1995 மே 10. சமயபுரம் சாலையில் இன்று ஒலிக்கிற கேசட் காலத்து அம்மன் பாட்டுகளில் பெரும்பகுதி அதற்கு முந்தியவை. 1980-ல் வெளியான ஓர் ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டு, அதாவது 2040 முடியும் வரை கம்பெனிக்கு. பாடியவருக்கு அன்று வாங்கிய தொகையோடு சரி. இளையராஜா தன் பாட்டுகளுக்காகக் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டு, 2014-ல் இடைக்காலத் தடையும் 2019 ஜூனில் தீர்ப்பும் பெற்ற கதையை அடுத்த இதழில் விரிவாகப் பார்க்கப் போகிறோம். அவர் அளவுக்குப் பேரும் வக்கீலும் உள்ளவருக்கே அத்தனை ஆண்டு பிடித்தது.

ஆகவே நாடாளுமன்றத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு. இசைக் கலைஞரின் தனி ஒப்பந்தத்துக்கு ஒரு உச்ச வரம்பு வேண்டும். ஏழு வேண்டாம், ஐந்து போதும், கலிபோர்னியாக்காரர்கள் நுழைத்தது போன்ற விலக்கு எதுவும் கூடாது. 19ஆம் பிரிவின் ஒரு வருட விதியிலிருந்து அந்த 'ஒழிய'வை எடுத்துவிட வேண்டும். அது வரும் வரை, உங்கள் வீட்டில் பாடுகிற பிள்ளையோ பறை, பம்பை, நாதஸ்வரம் வாசிக்கிறவரோ இருந்தால், யாராவது ஒரு தாளை நீட்டும்போது நான்கு விஷயத்தைப் பாருங்கள்: எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எந்தெந்த ஊடகம், ராயல்டி எவ்வளவு. நான்கும் எழுதியிருந்தால் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நகல் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள். 1995-க்கு முந்திய தாள் வீட்டில் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அன்று இல்லாத ஊடகத்துக்கும் சேர்த்து அதில் உரிமை கொடுத்திருக்கிறதா என்பது இன்றும் வாதிடக்கூடிய கேள்வி.

(தொடரும்)